ஒன்பதாம் நம்பர் காட்டுப் பிள்ளைகள்

மருதாம்பாளிடம் ஒரு வருடத்தைச் சொன்னால் அவர் அதை ஒரு காடாக மாற்றிக்கொள்வார். எங்கள் எஸ்டேட்டில் தேயிலைச் சரிவுகளைக் காடு என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. மருதாம்பாளுக்குக் கல்யாணம் ஆன வருடம் ஐந்தாம் நம்பர் காடு. அவருடைய மாமியார் இறந்த வருடம் பதினான்காம் நம்பர். வயதைக் கேட்டால் மட்டும் சிரித்துவிடுவார்.

"நான் பொறந்தது தாராபுரத்துப் பக்கமுங்க. அங்க ஏது தேயிலை?"

இது விளங்க வேண்டுமானால் கவாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடியை வளரவிட்டால் மரமாகிவிடும். அதனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. எல்லாக் காட்டையும் ஒரே வருடத்தில் வெட்டமாட்டார்கள்; முறை வைத்து மாறி மாறி வெட்டுவார்கள். கடைசியாக வெட்டிய வருடத்தைக் காட்டின் முகப்பில் ஒரு கல்லில் வெள்ளைச் சாயத்தில் எழுதிவைப்பார்கள்.

வெட்டி முடிந்ததும் மொட்டைத் தண்டுகளில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். கூடை சுமக்காமல் செய்கிற வேலை அது ஒன்றுதான். ஆகவே நிறைமாதப் பெண்களை அதற்கு அனுப்புவது எங்கள் எஸ்டேட்டின் வழக்கம். மேஸ்திரி என்று பெயருக்கு ஓர் ஆண் இருப்பார். யாரை எந்த வரிசையில் விடுவது, யாரை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்புவது என்பதையெல்லாம் இருபது வருடமாக முடிவு செய்தவர் மருதாம்பாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்லில் இருக்கும் எண்கள் மட்டும் தெரியும்.

1986-இல் எங்கள் எஸ்டேட் உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் நூற்று நாற்பது பிள்ளைகள். கோ-கோ ஆட ஒன்பது பேர் வேண்டும். பன்னிரண்டு பேர் வரை கூட்டிப்போகலாம். எங்களிடம் இருந்தது பத்துப் பெண்கள். பத்தாவது ஆள் நான். ஒன்பது பேரின் ஸ்வெட்டர்களையும் மடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது என் வேலை.

பள்ளிக்கு மைதானம் கிடையாது. காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் ஃபாக்டரி முற்றத்தில் இரண்டு சவுக்குக் கம்பங்களை நட்டு பிலோமி டீச்சர் எங்களைப் பழக்கினார். மூடுபனியில் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் தெரியாது. அதனால்தானோ என்னவோ, மருதாம்பாளின் மகள் வீரம்மா காலடிச் சத்தத்தைக் கேட்டே திரும்பப் பழகியிருந்தாள். துரத்துகிறவள் கை நீட்டும்போது அவள் அங்கே இருக்கமாட்டாள்.

அந்த அக்டோபரில், குன்னூரில் நடந்த வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், எண்ணூறு பெண்கள் படிக்கும் டவுன் பள்ளியை மூன்று புள்ளியில் வென்றோம். வென்ற அணி மாவட்டப் போட்டிக்குப் போகும். எங்கள் பள்ளி அதுவரை எந்த விளையாட்டிலும் வட்டாரத்தைத் தாண்டியதில்லை. ஜீப்பில் பாடிக்கொண்டு ஊர் திரும்பினோம். திங்கட்கிழமை ஆட்சேபக் கடிதம் வந்தது.

1972 ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் அந்தப் பிரிவில் ஆடலாம். எங்கள் பட்டியலில் ஆறு பேருடைய பிறந்த தேதி 1-6-1972 என்று ஒன்றாகவே இருந்தது. கடிதம் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, இது தற்செயல்தானா என்று கேட்டிருந்தது. எழுதியவர் டவுன் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் சுப்பண்ணன். பொறாமையில் எழுதினார் என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பிலோமி டீச்சரை விசாரணைக்குக் கூப்பிட்டபோது சுப்பண்ணன் நேரிலேயே கேட்டாராம்.

"ஏன் டீச்சர், ஒரே நாள்ல ஆறு பிரசவமா? உங்க எஸ்டேட் டாக்டர் அன்னிக்குச் சாப்பிட்டாரா இல்லையா?"

"எங்களுக்கு டாக்டரே கிடையாது சார்."

நடந்தது சாதாரண விஷயம். 1977 ஜூன் மாதம் இந்த ஆறு பேரையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வயது முடிந்திருந்தால்தான் சேர்க்கலாம். அப்போதைய தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் சரியாக ஐந்து வயது முடியும் தேதியைப் போட்டுவிட்டார். ஊரெங்கும் அப்படித்தான் செய்தார்கள். பிறப்புப் பதிவு இல்லை. டிஸ்பென்சரியில் இருந்த பழைய பதிவேடு கூரை ஒழுகி நனைந்து அட்டையும் கூழுமாகக் கிடந்தது.

விசாரணையை நடத்திய போட்டிச் செயலாளர் குமாரசாமி கண்டிப்பானவர். "ஒருத்தி வயசு தாண்டியிருந்தாலும் மொத்த டீமும் வெளியே. விதி அப்படித்தான். புதன்கிழமை நானே எஸ்டேட்டுக்கு வரேன். ஏதாவது ஆதாரம் காட்டுங்க" என்றார்.

செவ்வாய் மதியம் இலை நிறுக்கும் இடத்துக்கு பிலோமி டீச்சர் போனார். எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்த என் அப்பாவும் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் இருந்தேன். ஆறு அம்மாக்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள்.

"தேதிக்கு நாங்க எங்க போவோம் டீச்சர்?" என்றார் இசக்கியம்மா. "வலி வந்தப்ப காலண்டரையா பாத்துட்டுக் கிடந்தோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மருதாம்பாள் மழைக்கும் பனிக்கும் தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தேதி தெரியாதுங்க டீச்சர். காடு தெரியுமுங்க. இசக்கியக்கா மூணாம் நம்பர் காட்டுல பாசி எடுத்துட்டு இருந்துச்சு. எட்டாம் நாளு வேலைக்கு வரல, புள்ள பொறந்துருச்சு. அதே காட்டுலதான் இன்னும் ரெண்டு பேரு. மீதி ரெண்டு பேரும் பதினொண்ணாம் நம்பருங்க. அப்ப மழை. சாக்குப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க."

அப்பா விரல்விட்டு எண்ணினார். மூன்றாம் நம்பர் கல்லில் 84 என்று இருக்கிறது. நான்கு நான்காகப் பின்னால் போனால் 80, 76, 72. பதினொன்றும் அப்படியே. ஆபீசில் கவாத்துப் புத்தகமும் இருக்கிறது, மாதத்தோடு பார்க்கலாம். பிலோமி டீச்சர் அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

"அப்போ வீரம்மா, அக்கா?"

"என்ற புள்ள ஒம்பதாம் நம்பருங்க."

அப்பா மறுபடியும் எண்ணினார். 83, 79, 75. அதற்கு மேல் அவர் வாய்விட்டு எண்ணவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டீச்சர். "மூணாம் நம்பரா இருக்கலாமில்ல?"

"ஒம்பதாம் நம்பர்ல பாசி வேலை முடிஞ்ச அன்னிக்கு அங்கியே பனிக்குடம் ஒடைஞ்சுதுங்க. ஊட்டுக்கு வந்து சேரல. என்ற புள்ள பொறந்த காட்ட நான் மறப்பனுங்களா?"

இசக்கியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு என்ன கிறுக்கா மருதா? மூணுன்னு சொல்லிட்டுப் போயேன். பாசி வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

"பாசி சொல்லாதுக்கா. ஆனா, நாளைக்கு மலை ஏறி வர்றவரு அஞ்சு புள்ளைகளுக்கு என்ற பேச்சத்தானே நம்போணும். ஆறாவதுக்குப் பொய் சொன்னா, அந்த அஞ்சும் பொய்யாப் போயிருமில்ல?"

"டீமே போயிருமேடி!"

"தெரியுதுக்கா" என்று சொல்லிவிட்டு மருதாம்பாள் கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமை குமாரசாமி வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் கோப்பு. காட்டை வைத்து வயது சொல்வார்கள் என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது. மருதாம்பாள் முன்னால் வழிகாட்ட, அப்பா கவாத்துப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். நாங்கள் பத்துப் பேரும் கொஞ்சம் தள்ளி நடந்தோம்.

மூன்றாம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் குமாரசாமி நின்றார். "சரிம்மா. 69 ஏப்ரல்ல எந்தக் காடு கவாத்து?"

"ஏழாம் நம்பருங்க. காட்டெருமை எறங்கி ரெண்டு நாள் வேலை நின்னுச்சு."

அப்பா பக்கத்தைப் புரட்டினார். 1969 ஏப்ரல், ஏழாம் நம்பர். ஓரத்தில் சிவப்பு மையில், காட்டெருமை காரணமாக இரண்டு நாள் வேலை இல்லை என்று எழுதியிருந்தது.

"65 செப்டம்பர்?"

"ரெண்டாம் நம்பரு, அப்பறம் பன்னெண்டுல பாதி. மீதிப் பாதிய அடுத்த வருசம் வெட்டுனாங்க."

அதுவும் சரி. குமாரசாமி இன்னும் இரண்டு கேட்டார். பிறகு கேட்கவில்லை. மஃப்ளரை அவிழ்த்து கையில் வைத்துக்கொண்டார். பனி விலகி, எதிர்ச்சரிவு முழுக்கத் தெரிந்தது. அதுவரை எனக்கு அது வெறும் தேயிலை. மருதாம்பாள் கை நீட்டி, அதோ அந்த வரிசையில் இன்னார் பிள்ளை, இந்த வரிசையில் இன்னார் பிள்ளை என்று சொல்லச் சொல்ல, எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அந்தச் சரிவில் எழுதப்பட்டிருப்பதுபோல் இருந்தது. இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் இந்தப் பெண் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டி நடந்து போகிறாரா என்று நினைத்துக்கொண்டேன்.

குமாரசாமி பட்டியலில் ஐந்து பெயர்களுக்கு நேரே குறியிட்டார். "ஆறாவது?"

மருதாம்பாள் மேலே ஏறத் தொடங்கினார். ஒன்பதாம் நம்பர் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருந்தது. கல்லுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"இது என்ற புள்ள பொறந்த காடுங்க. அந்தப் பாறைக்குக் கீழ."

குமாரசாமி கல்லைப் பார்த்தார். விரலை மடக்கினார். திரும்பவும் மடக்கினார். அப்பா பக்கத்தைத் திறந்து காட்டினார்: 1971 செப்டம்பர்.

"அம்மா, மூணு மாசம் தாண்டுது. இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"டீச்சர் சொன்னாங்க."

வீரம்மாவுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. "எல்லாத்துக்கும் நல்ல காடாக் காட்டுனீல்ல?" என்றாள். "எனக்கு மட்டும் ஏம்மா இந்தக் காடு?"

மருதாம்பாள் அவளைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள். அதன் பிறகு மூன்று நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை.

குமாரசாமி அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். பிறகு பிலோமி டீச்சரிடம் சொன்னார்: "விதிப்படி டீம் வெளியே. ஆனா அந்தத் தேதிய எழுதினது இந்தப் புள்ளை இல்ல. எதிர் டீம் சம்மதிச்சா, வீரம்மா இல்லாம சனிக்கிழமை மறுபடி ஆடலாம். சம்மதிக்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

சுப்பண்ணன் சம்மதிக்க வேண்டிய அவசியமே இல்லை. சும்மா இருந்தாலே அவர் அணி மாவட்டத்துக்குப் போயிருக்கும். வியாழக்கிழமை ஒரு தகவலும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் போன் அடித்தது. அப்பா கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "ஆடலாமாம்."

சனிக்கிழமை குன்னூர் மைதானத்தில் இறங்கியதும், டவுன் பள்ளிப் பெண்களில் இரண்டு பேர் யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். இரண்டு பேரும் அவர்களுடைய மிக நல்ல ஆட்டக்காரிகள்.

"அடிபட்டிருச்சா சார்?" என்று கேட்டார் பிலோமி டீச்சர்.

சுப்பண்ணன் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "குமாரசாமி அந்த அம்மா கதையைச் சொன்னார். ராத்திரி என் லிஸ்டை எடுத்துப் பாத்தேன். இந்த ரெண்டு பேரும் வேற பள்ளியில இருந்து வந்தவங்க. டி.சி.யில இருந்த தேதிய அப்படியே எழுதினேன். உங்க லிஸ்டைக் கேட்ட கேள்விய என் லிஸ்டை நான் கேக்கவே இல்ல. நேத்து அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்டேன்." விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவரிடம் போனார்.

வீரம்மாவின் இடத்தில் நான் ஆடினேன். முதல் ஓட்டத்தில் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை, தொட்டுவிட்டார்கள். மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு புள்ளியில் தோற்றோம். பள்ளி அந்த வருடமும் வட்டாரத்தைத் தாண்டவில்லை.

மருதாம்பாள் லீவு போட்டுவிட்டு, வேகவைத்த பட்டாணியைத் தூக்குப்போசியில் கொண்டு வந்திருந்தார். ஆட்டம் முடியும்வரை கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். முடிந்ததும் சுப்பண்ணனிடம் போனார்.

"ஏனுங்க சார், அந்த ரெண்டு புள்ளைகளும் எப்பப் பொறந்தாங்களாம்?"

சுப்பண்ணன் தயங்கினார். "ஒண்ணு எழுபத்தொண்ணு ஆகஸ்ட்டும்மா. இன்னொண்ணு அக்டோபர்."

மருதாம்பாள் அந்தப் பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நம்ம ஒம்பதாம் நம்பர் காட்டுப் புள்ளைகதான்" என்றார்.

நேராகப் போய் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போசியைத் திறந்தார். வீரம்மா என் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அம்மா கூப்பிடவில்லை. அவளாகவே எழுந்து வந்து, போசியை வாங்கி, அந்த இரண்டு பேருக்கும் முதலில் நீட்டினாள்.