பாஸ்போர்ட்டில் ஏழு வயது கூடுதல்

சோலையப்பனுக்குப் பெற்றவள் கணக்கில் ஐம்பத்திரண்டு வயது. பாஸ்போர்ட் கணக்கில் ஐம்பத்தொன்பது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பஹ்ரைனுக்கு அவர் விமானம் ஏறியது இருபது வயதில். ஈச்சந்தோட்டத்துக்கு ஆள் கேட்ட முதலாளி, சின்னப் பையன்கள் ஓடிப்போகிறார்கள், குடும்பஸ்தனாக அனுப்பு என்றாராம். ஏஜெண்டுக்கு அதெல்லாம் ஒரு காரியமா? ஏழு வயதைக் கூட்டி எழுதி அனுப்பிவிட்டான். அன்றைக்கு எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

தோட்டம் ஈசா டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. மோட்டாரைப் போட்டால் நல்ல தண்ணீர் கொட்டும். பேரீச்சை நிழலில் மாட்டுப் புல்லும் தக்காளியும் விளையும். முதலாளி அபூ ஜாஸிமை எல்லாரும் அர்பாப் என்பார்கள். அவருடைய தகப்பனார் காலத்தில் அந்தத் தீவே முத்தையும் பேரீச்சையையும் நம்பிப் பிழைத்தது. பிறகு எண்ணெய் வந்தது, அலுமினியம் உருக்கும் உலை வந்தது, திரும்பிய பக்கமெல்லாம் கட்டடம் வந்தது. ஆளாளுக்கு ஆழ்துளை போட்டு உறிஞ்சியதில் நல்ல தண்ணீர் இறங்கி, கடல் தண்ணீர் உள்ளே ஏறியது. உப்பைக் குடித்த மரங்கள் தலை காய்ந்தன. பக்கத்துத் தோட்டம் மார்பிள் யார்டு ஆனது. அதற்கடுத்தது குளிர்பதனக் கிடங்கு ஆனது. சோலையப்பன் துக்க வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்து தன் வேலையைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்கு வந்தது நம் வீட்டுக்கு வராது என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்!

இந்த ஆண்டு அதுவும் வந்தது. அர்பாபின் மகன் ஜாஸிம், மரங்களைப் பிடுங்கிவிட்டு அலுமினிய ஜன்னல் செய்யும் தொழிற்சாலை கட்டப்போகிறான். தோட்டத்து ஆட்களையே எடுத்துக்கொள்வானாம். ஆனால் புதிதாகச் சேர்க்கும் ஆளுக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. கூட்டாளிக் கம்பெனியின் சட்டம் அது.

பாஸ்போர்ட்டில் சோலையப்பனுக்கு ஐம்பத்தொன்பது ஆயிற்றே! மகள் சந்தியா நர்சிங் படிக்கிறாள். முடிக்க இன்னும் இரண்டு வருஷம். அதுவரை எப்படியாவது இங்கே காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். சோறு இறங்கவில்லை.

ஈசா டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகைதீனிடம் போய் உண்மையைக் கக்கினார்.

"எனக்கு அம்பத்திரெண்டுதான், முகைதீன்."

"அல்லாவே! எனக்கு அம்பத்தஞ்சு. இத்தன வருஷமா உங்கள அண்ணே அண்ணேன்னு கூப்புட்டு, டீயும் முதல்ல உங்களுக்கே குடுத்தேனே!" முகைதீனின் சிரிப்பு சட்டென்று நின்றது. "இத வெளிய சொல்லிறாதீங்கண்ணே. பாஸ்போர்ட்டுல பொய்யின்னா இத்தன வருஷத்து விசாவும் பொய்யின்னு ஆயிரும். உள்ள தள்ளிருவானுக."

இரண்டு நாள் மென்று விழுங்கினார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மூன்றாம் நாள் மாலை அர்பாபும் மகனும் காவா என்கிற அரபிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே போய் நின்று, தெரிந்த அரபியிலும் இந்தியிலும் தன் உண்மை வயதைச் சொல்லிமுடித்தார்.

கிழவர் மகனைப் பார்த்தார். "உண்மைதான். இவன் வந்தபோது பையன். ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வேலை செய்தான், விட்டுவிட்டேன்."

போலீஸ் வரும் என்று நின்றிருந்த சோலையப்பனுக்கு மூச்சு வந்தது.

"நானும் நம்புகிறேன், யாபா," என்றான் ஜாஸிம் தகப்பனாரிடம். குரலில் கோபமில்லை. "ஆனால் ஆள் சேர்ப்பது நானில்லை, கம்பெனிக் கம்ப்யூட்டர். அதற்குப் பாஸ்போர்ட்டைத்தான் தெரியும்."

"நான் ஆளைப் பார்த்துத்தானே வேலை கொடுத்தேன்?"

"அது தோட்டம், யாபா."

கிழவர் காவாவைக் கீழே வைத்துவிட்டார். "கலாஸ்," என்றார். முடிந்தது என்று அர்த்தம். அவர் கண் கலங்கியதைப் பார்க்க சோலையப்பனுக்குத் தன் கஷ்டத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் மனைவி நாகவள்ளிக்குப் போன் போட்டார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"ஏங்க, அழுகாதீங்க. வந்துருங்க," என்றாள் அவள். "நம்ம கண்மாய்க்கு அங்கிட்டு வயலையெல்லாம் வாங்கிப்போட்டு கம்பெனி கட்டியிருக்கான்ல, ஆள் எடுக்குறாங்களாம். அம்பத்தஞ்சு வரைக்கும் எடுக்குறான். உங்களுக்கு அம்பத்திரெண்டுதான?"

சோலையப்பனுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன கேக்குறாங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. ஆதார் கார்டு மட்டும் கொண்டாரச் சொல்றாங்க."

"ஆதாரா?" போன தடவை லீவில் போனபோது எடுத்த கார்டு அது. "நாகவள்ளி, அன்னைக்கி வயசுக்கு அத்தாட்சியா நாம என்னத்தக் குடுத்தோம்?"

"பாஸ்போர்ட்டத்தான்..." என்று ஆரம்பித்தவள் பீரோவைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது. "ஏங்க, இதுலயும் ஏழு வயசு கூடத்தான் இருக்கு."