மூத்த மருமகள் திரும்பி வந்த கதை

கொளஞ்சியப்பனுக்குப் பெண்டாட்டியிடம் பேச வராது. மக்காச்சோள வியாபாரியிடம் வாய் கிழியப் பேசுகிற மனுஷன்தான். மலர்கொடி எதிரில் வந்தால் வாயில் கொழுக்கட்டை. அவள் குன்னத்து வீட்டில் இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவள் பேசுவாள், இவர் சாப்பிடுவார். மகள் நந்தினிக்குப் பிரசவம் பார்க்க ஓசூர் போனவள், பேரன் பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் திரும்பவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். நியாயத்தைத் தொட்டுக்கொண்டு தனியாகச் சோறு தின்ன முடியுமா, சொல்லுங்கள்.

போன் பேச்சும் "சாப்டியா", "மழ உண்டா" என்பதோடு முடிந்துவிடும். ஒரு நாள், அவள் விட்டுப்போன சீரியலில் மூத்த மருமகளுக்கும் மாமியாருக்கும் சண்டை என்று போகிற போக்கில் சொன்னார். "அய்யய்யோ, அப்பறம்?" என்றாள் மலர்கொடி. ஓசூரில் மருமகன் செய்தியைத் தவிர வேறெதையும் போட விடமாட்டாராம். அன்றிலிருந்து சாயங்காலம் சீரியல் பார்ப்பதும், முடிந்த கையோடு அவளுக்குக் கதை சொல்வதும்தான் இவர் பிழைப்பு. அந்த ஒரு 'அப்பறம்'தான் நாளெல்லாம் அந்த வீட்டில் கேட்கிற மனுஷக் குரல்.

டிவி, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பெட்டி. போன வாரம் படம் மேலும் கீழும் சுருங்கி, நடுவில் ஒத்தை வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. பக்கவாட்டில் தட்டினார். கேபிள் ஒயரைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துச் சொருகினார். கோடு அசையவில்லை. பெரம்பலூர் மெக்கானிக் ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டார்.

"சத்தம் வருதுங்களா?"

"ஜோரா வருது."

"அப்ப கேபிள் மேல பழி போடாதீங்க. படத்த விரிக்கிற ஐசி போயிருக்கு. பழைய செட்டுல்ல, சாமான் திருச்சியிலேருந்து வரணும். அதுவரைக்கும் வெளிச்சத்த சுத்தமா கொறச்சிட்டு சத்தம் மட்டும் கேளுங்க. இல்லாட்டி டியூப்புல கோடு நிரந்தரமா வுழுந்துடும்."

கறுத்துப்போன கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டினார். யாரோ அழுதார்கள், கதவு அடித்தது, அப்புறம் ஒரே மேளச் சத்தம். யார் அழுதார்கள், எதற்கு அழுதார்கள், ஒன்றும் விளங்கவில்லை. கதை இல்லை என்றால் மறுபடி "மழ உண்டா"தான். பயந்துபோய் போனில் ஒன்றை இட்டுக்கட்டினார்.

"கோச்சிக்கிட்டுப் போன மூத்த மருமவ பொட்டியோட வந்துட்டா மலரு. இனிமே எங்கயும் போவலன்னுட்டா."

"அப்பறம்?" என்றாள்.

மறுநாள் நந்தினியைக் கூப்பிட்டு, "புது டிவி ஒண்ணு பாரும்மா. ஒங்கம்மாவுக்குக் கத சொல்ல முடியல" என்றார்.

நந்தினி சிரித்தாள். "அம்மாவுக்கு எதுக்குப்பா கத? எம்போன்லதான் தெனம் பாக்குறாங்களே. நேத்து மூத்த மருமக செத்துப்போனதுக்கு அப்புடி அழுதாங்க."

கொளஞ்சியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை காலமும் தெரிந்த கதையையா கேட்டுக்கொண்டிருந்தாள்? அன்று சாயங்காலம் டிவி பக்கம் போகவில்லை. போனையும் தொடவில்லை. சோற்றை வட்டிலில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வீடு அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளே கூப்பிட்டாள்.

"டிவி ரிப்பேரு மலரு," என்றார். "படம் தெரியல."

"தெரியும்."

எப்ப வருவே என்று கேட்க வந்தது. பாழாய்ப்போன நாக்கு புரளவில்லை.

"ஏங்க," என்றாள் மலர்கொடி. "மூத்தவ வந்துட்டான்னீங்களே. வந்தவளுக்கு வூட்டுல என்ன கொழம்பு?"

வட்டிலில் ஊறுகாயும் தண்ணிச் சோறும் கிடந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கருவாட்டுக் கொழம்பு," என்றார். "அவ புருஷனே வெச்சான்."