‘முடிவுற்றது’ என்று எழுதியவள்

எங்கள் செக்‌ஷனில் ஒரு பட்டியல் உண்டு. மேடையில் யார் எதை அறிவித்தாலும் அது கடைசியில் அந்தப் பட்டியலுக்குத்தான் வந்து சேரும். சுற்றுலாத் தலம் மேம்படுத்தப்படும், சிறுவர் பூங்கா அமைக்கப்படும், கண்மாயில் படகு விடப்படும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரிசை எண், அறிவிப்பு, இடம், தற்போதைய நிலை என நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தை நிரப்புவதுதான் என் வேலை. புதுக்கோட்டைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சுற்றுலா செக்‌ஷன் என்பதால் நான் ஊர் ஊராகச் சுற்றி வருகிறேன் என்று சொந்தக்காரர்கள் பொறாமைப்படுகிறார்கள். நாற்காலியை விட்டு எழுந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. என் சுற்றுலா அவ்வளவுதான்.

அந்த நான்காவது கட்டத்துக்கு அதிகம் வார்த்தைகள் தேவையில்லை. பரிசீலனையில் உள்ளது, கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது, பணி நடைபெற்று வருகிறது, முடிவுற்றது. இதை வைத்தே ஒரு உத்தியோகத்தை ஓட்டிவிடலாம், நான் ஓட்டியிருக்கிறேன். மாதம் பிறந்தால் போன மாத அறிக்கையைத் திறந்து, மேலே மாதத்தின் பெயரை மாற்றி, அப்படியே அனுப்புவோம். ஒரு தடவை அதை மாற்றவும் மறந்துவிட்டேன். சித்திரை வெயிலில் போன அறிக்கையில் மார்ச் என்றே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வரிக்கு எதிரே ‘முடிவுற்றது’ என்று எழுதிவிட்டால், அடுத்த மாதம் அந்த வரியே பட்டியலில் இருக்காது. எடுத்துவிடுவோம். பட்டியல் குட்டையானால் மீட்டிங்கும் குட்டையாகும். அதனால் ஒரு வரி போனால் எங்களுக்கெல்லாம் சின்னதாக ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

திருமயத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஒரு குன்று வரும். கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் மிச்சம் மீதிதான் அங்கே வரும். பாறையைக் குடைந்த சின்னக் கோயில், மேலே ஒரு சுனை, கீழே கண்மாய். அந்தக் குன்றுக்கு மட்டும் என் பட்டியலில் நான்கு வரிகள் இருந்தன. படகு, பூங்கா, மின்விளக்கு, கழிப்பறை. கண்மாயில் தண்ணீர் நிற்பதே ஐப்பசியிலிருந்து தை வரைதான், மற்ற மாதங்களில் ஆடு மேயும். இதில் படகை எங்கே விடுவது என்று ஒரு தடவை நான் கேட்டதற்கு, “ஒங்களுக்கு எதுக்கு மேடம் அது? பரிசீலனையில உள்ளதுன்னு போடுங்க” என்றார் சூப்பிரண்டு. போட்டேன்.

நான்கில் கழிப்பறை மட்டும் நிஜமாகவே எழும்பியது. பொறியாளர் போனில் படம் அனுப்பினார். ரோஸ் நிறச் சுவர், நீலக் கதவு, ஆண் பெண் படம், மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. பார்க்க நன்றாகவே இருந்தது. அன்று சாயங்காலம் மீட்டிங். கழிப்பறை வரிக்கு என்ன போடுவது என்று அவருக்குப் போன் செய்தேன்.

“கட்டடம் முடிஞ்சிருச்சு மேடம். தண்ணி லைன் மட்டும் பாக்கி. அது எங்க வேலை இல்ல, அதுக்கு வேற ஆளுங்க.”

“அப்ப நான் என்னன்னு போடட்டும்?”

“எங்களப் பொறுத்தவரைக்கும் முடிஞ்சிருச்சு.”

‘கட்டடம் முடிந்தது, தண்ணீர் இணைப்பு நிலுவை’ என்று எழுதியிருக்கலாம். கட்டத்தில் இடமும் இருந்தது. ஆனால் அப்படி எழுதினால் எப்போது வரும், யார் பொறுப்பு, ஏன் தாமதம் என்று கேள்வி வரும். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவள் நான். அன்றைக்கு எனக்குத் தலைவலி வேறு. ‘முடிவுற்றது’ என்று தட்டினேன். மீட்டிங்கில் அந்த வரியைப் படித்ததும் மேலதிகாரி தலையை ஆட்டினார். “ஒண்ணாச்சும் முடிஞ்சதே” என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அடுத்த மாதம் அந்த வரி இல்லை. எனக்கும் அது மறந்துபோனது.

அதற்கடுத்த காணும் பொங்கலுக்கு என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். கோட்டையில் கால் வைக்க இடமில்லை என்று நான்தான் அந்தக் குன்றுக்குக் கூட்டிப்போனேன். உள்ளூரப் பெருமைதான். என் பட்டியலில் முடிந்த வேலை ஒன்று அங்கே நிற்கிறதே. எனக்குச் சர்க்கரை உண்டு, வெளியே கிளம்பினால் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் பார்ப்பேன். அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே போனேன்.

நீலக் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துப் புளிய மரத்தடியில் ஒரு அம்மா வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

“சாவி இருக்குங்க. தண்ணிதாங்க இல்ல. கட்டுனவங்க எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாங்க, நாந்தான் தினமும் இங்கிட்டு இருக்கேன்னு. வாரவுகள்லாம் என்னையத்தான் வையிறாக.”

“இது முடிஞ்ச வேலையாச்சே!” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. என்னவோ அவள்தான் முடிக்காமல் விட்டது மாதிரி.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் அவசரம் அவளுக்குப் புரிந்துவிட்டது. மோர் கலக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளே வைத்தாள். “போயிட்டு வாங்க. வயசானவுகளை அங்கிட்டுக் கருவேலங் காட்டுக்குப் போகச் சொல்ல முடியுமா? முள்ளு வேற” என்றாள். அந்தக் குடத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற அடிபம்பிலிருந்து சுமந்து வந்தாளாம். வெளியே வந்து, “அப்ப நீ எங்கம்மா போவே?” என்று கேட்டேன்.

“நான் தண்ணியே குடிக்கிறதில்லங்க. காலையில வரும்போது ஒரு வாய், பொழுது சாஞ்சு வீட்டுக்குப் போயித்தான் அடுத்த வாய். மோரு நானே விக்கிறேன், ஒரு மொடக்குக் குடிச்சதில்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தண்ணீர் போய்விட்டதால் அன்றைக்கு அவளுக்கு மோர் வியாபாரம் கிடையாது. அக்கா பணம் நீட்டினாள், வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டுமானால் வெள்ளரி வாங்கிக்கொள்ளச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லாமலே பஸ் ஏறினேன்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் அந்த வரியை மறுபடி சேர்க்கலாம் என்று சூப்பிரண்டிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் போலவே அவருக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சதுன்னு நாமதான் எழுதியிருக்கோம். இப்ப முடியலன்னு எழுதினா, முன்னாடி எழுதினது பொய்யின்னு ஆகும். மேல வரைக்கும் போயிருக்கு மேடம். விளம்பரத்துலகூட வந்துருச்சு.”

“பொய்தானே சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு ஒரு வழி சொன்னார். பழைய வரியைத் தொடக் கூடாது. ‘கூடுதல் வசதியாகக் குடிநீர் மற்றும் தண்ணீர் இணைப்பு ஏற்படுத்துதல்’ என்று புது வரி போடலாம். அப்படியே போட்டேன். நான்காவது கட்டத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’. முடிந்த வேலை மறுபடி முதல் படியில் வந்து நின்றது. தண்ணீர் லைன் போடுகிறவர்களுக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் பூர்வாங்க விவரம் கேட்டார்கள், அனுப்பினேன். இடம் யாருடையது என்று கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. நானும் மாதத்தின் பெயரை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சண்டை போடத் தோன்றவும் இல்லை.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, கலெக்டரிடம் மனுக் கொடுக்க வருகிறவர்கள் கூட்டம் தாழ்வாரம் வரை நின்றது. அந்தக் கூட்டத்திலிருந்து அந்த மோர்க்கார அம்மா என் மேஜைக்கு வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதியாகிப் போயிருந்தாள். அவளுக்கும் என்னைத் தெரிந்ததும் ஆச்சரியம். “நீங்க இங்கதான் வேலையாங்க?” என்றாள். மனு ஒன்றும் அவள் கையில் இல்லை. சாவியைத்தான் கொண்டு வந்திருந்தாள்.

“யார்கிட்டக் குடுக்குறதுன்னு தெரியலங்க. அங்கிட்டுக் கேட்டா இங்கிட்டுப் போகச் சொல்றாக. இங்கிட்டு நாலு மேசை பாத்துட்டேன்.”

“ஏம்மா, கடை என்னாச்சு?”

“எடுத்துட்டேங்க. கிட்னியில கல்லாம், நீர் போற வழியில புண்ணும் இருக்காம். ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். நெறையத் தண்ணி குடின்னு டாக்டரு வையிறாரு. குடிச்சா எங்கிட்டுப் போறது? அதான் கந்தர்வகோட்டைப் பக்கம் மக வீட்டோட போறேன். அங்க முந்திரி ஒடைக்கிற வேலை இருக்கு. சுத்தி முந்திரிக் காடுங்க, மறைவுக்குக் கொறையில்ல.”

சுற்றுலா வளர்ந்தால் உள்ளூர் ஆட்களுக்குப் பிழைப்பு வளரும் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் உண்டு. மாதாமாதம் அதை நான் அனுப்புகிறேன். அந்தக் குன்றில் பிழைத்த உள்ளூர் ஆள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

சாவியை வாங்கிக்கொண்டேன். எந்த ஃபைலில் சேர்ப்பது என்று தெரியவில்லை. முடிந்த வேலைக்கு ஃபைல் கிடையாது, அதைக் கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பியாகிவிட்டது. மேஜை டிராயரில் போட்டேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அந்தக் கக்கூஸ் முடிஞ்சிருச்சுன்னு எழுதுனது நான்தாம்மா” என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“கட்டடம் நல்லாத்தாங்க இருக்கு” என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல.

நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, வெயிலில் நின்றிருக்கிறாள். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். இன்னும் பஸ் ஏறிப் போகணும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. போகத் திரும்பியவள், தாழ்வாரக் கோடியில் பெண் படம் போட்ட கதவைப் பார்த்து நின்றாள்.

“அதுல தண்ணி வருதுங்களா?”

“வருதும்மா.”

“பூட்டு இல்லயே?”

“இல்ல.”

திரும்பி வந்து பாட்டிலை வாங்கினாள். நின்றபடியே, அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.