வாணக்காரர் வேடிக்கை பார்த்த மாலை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவரைத் தெருவே வாணக்காரர் என்றுதான் அழைத்தது. பொது விழாக்களுக்கு வாணவேடிக்கை நடத்தித் தரும் நிறுவனம் ஒன்றில் வெடிகளை மின்சாரத்தால் வெடிக்கவைக்கும் விசைப்பலகை அவர் பொறுப்பில் இருந்தது. குழாய்களுக்குள் வெடிகளை இறக்கி, கம்பிகளை இணைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு விசையாக அமுக்குவார். வானத்தில் விரியும் பூவை அவர் அண்ணாந்து பார்த்ததே இல்லை. அதற்குள் அடுத்த விசைக்கு நேரமாகிவிடும்.

வேலை ஊரின் மறுகோடியில். மகள் விழிக்கும் முன்னே கிளம்பி, அவள் உறங்கிய பின்னே திரும்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வயதுக் குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "மாமா, பந்து" என்றாள். பால்காரரும் அவளுக்கு மாமா; மின்கணக்கு எடுக்க வருபவரும் மாமா. மனிதருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே நிறுவன மேலாளர், வெடிகளை வெடித்துப் பார்க்கும் தங்கள் சோதனைத் திடலுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு காலியாக இருப்பதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால், அங்கே நாள்தோறும் வெடிச்சத்தம் கேட்கும்.

"என் தையல் மிஷின் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில போயிடுறா. அங்க எப்படிங்க இருப்பா?" என்றாள் மனைவி.

"ஒரு தடவை கூட்டிட்டுப் போய்ப் பாப்போம். பயப்படலன்னா வீடு. பயந்தா வேண்டாம்னு சொல்லிடறேன்."

புதிய பாலத்தின் திறப்பு விழாவுக்கு வாணவேடிக்கை ஏற்பாடாகியிருந்தது. அவர் விசைப்பலகையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி மகளுடன் ஆற்றங்கரைப் புல்தரையில் வந்து உட்கார்ந்தார். துணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். காதுகளை மூடிய கம்பளித் தொப்பியும் கையில் பிஸ்கட்டுமாக இருந்த குழந்தையை, அவள் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று தம்மை நோக்கி மடியில் இருத்திக்கொண்டார்.

முதல் வெடி வெடித்தது. வாணக்காரர் துள்ளி விழுந்தார். குழந்தை அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதாள்.

"பாத்தீங்களா? பயப்படுறா!"

"அவளா?" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் அவர். "எனக்கு என்னடி ஆச்சு? இத்தனை வருஷமா இதுலயே கெடக்கிறேன். நான் அமுக்கினா எப்ப வெடிக்கும்னு தெரியும். இந்தப் பய எப்ப அமுக்குறான்னே தெரியலையே!"

மனைவி ஒன்றும் விளங்காமல் குழந்தையை வாங்கி, வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அடுத்தடுத்துப் பல வெடிகள் அதிர்ந்தன. விசும்பல் அடங்கியது. குழந்தை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னொண்ணு" என்று வானத்திடம் கேட்டாள். மறுபடியும் அப்பாவிடம் கொடுத்தால் அழுகை. திருப்பி வைத்தால் பிஸ்கட்.

"சத்தத்துக்கு இல்லைங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தான்."

"அப்ப இவ பயந்தாளா, இல்லையா? நீங்களாவது சொல்லுங்கம்மா," என்று என்னைக் கேட்டார்.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? குழந்தைக்கு வெடியிடம் அச்சமில்லை. அவருக்கு உண்டு. அதைக் கண்டு குழந்தைக்கு அச்சம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"வீடு வேணுமா, வேண்டாமா?" என்றார் மறுபடியும்.

"அவளுக்கு ஒத்துவரும், எனக்கும் ஒத்துவரும். உங்களுக்குத்தான்…" சிரிப்பு முட்டியதால் மனைவியால் சொல்லி முடிக்க இயலவில்லை.

மறுநாள் காலை, மாடிப்படியில் நின்றபடி அவர் மேலாளரிடம் தொலைபேசியில் பேசினார்.

"வீட்டை எடுத்துக்கறேன் சார். ஒரே ஒரு உதவி. சோதனை வெடி போடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி அடிக்கச் சொல்ல முடியுமா?"

மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். வாணக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற என்னைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றார் தணிந்த குரலில். "குழந்தைக்குத்தான்."