கிரேன் கூண்டில் ஒரு தண்ணீர் பாட்டில்

அந்தக் கட்டுமான இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது வாக்கிடாக்கியில், முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் குறைவு. விடிந்தும் விடியாமலும் கிரேனில் ஏறிவிடுவாள். மற்றவர்கள் கைகால் கழுவிக் கிளம்பிய பிறகுதான் இறங்குவாள். இடையில் அவள் வெறும் குரல்.

முன்பு ஒரு பெரிய கடையில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தாள். பொத்தானை அமுக்க ஆள் எதற்கு என்று கடைக்காரர்களுக்குத் தோன்றியதும் வேலை போயிற்று. கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். கிரேன் பழக ஆள் கேட்டபோது, மேலே போவதும் கீழே வருவதும் தெரிந்த வேலைதானே என்று சேர்ந்துகொண்டாள். மகள் கல்யாணமாகித் தூரதேசத்தில் இருந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. கூண்டில் இருந்தால், "கொஞ்சம் இடது பக்கம், மேலக்கா" என்றாவது ஒருவர் சொல்வார்.

கூண்டுக்குப் போகும் ஏணி ஒரே ஏணி அல்ல. தட்டுக்குத் தட்டு மாறிப் போகும் இரும்பு ஏணிகள். வேலை நடுவில் ஒன்னுக்குப் போக இறங்கினால் கீழே கலவை காத்துக் கிடக்கும். ஆட்கள் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவளாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். காலையில் ஒரு கடுங்காப்பி. மதியம் காய்ந்த ரொட்டியும் வறுத்த கடலையும். தண்ணீர் மட்டும் பொழுது சாய்ந்த பிறகுதான். வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் நின்றபடியே ஜக்கு ஜக்காகக் குடிப்பாள். அன்றைய பாக்கி தீர்ந்துவிட்டது என்று நினைப்பு.

நீர்க்கடுப்பு வந்தபோது உடம்புச் சூடு என்று தயிரும் வெள்ளரியுமாகச் சாப்பிட்டாள். எரிச்சல் நிற்கவில்லை. மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதில் நின்றது; சில வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முறை அடிவயிற்று வலியும் சேர்ந்து வந்தது. டாக்டரிடம் போனாள்.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வயிறு முட்டக் குடிக்கறேன் டாக்டரம்மா."

"எப்போ?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும்."

"பகல்ல?"

"பகல்ல கூண்டுல இருப்பேனே."

"நீங்க என்ன ஒட்டகமா? அப்பப்போ தண்ணி போய் அப்பப்போ வெளியே வந்தாத்தான் கிருமி கழுவிட்டுப் போகும். பகல் முழுக்க அடக்கி வெச்சா அது உள்ளேயே குடித்தனம் பண்ணும். எரிச்சல் போற வரைக்கும் காப்பி, காரம், சோடா எதுவும் வேண்டாம். பழம், காய்கறி, தயிர்னு சாதாரணமா சாப்பிடுங்க. எரிச்சல் நின்னாலும் மாத்திரையை முடிக்காம விடாதீங்க."

"பொண்ணு ஏதோ பெர்ரி ஜூஸ் குடிக்கச் சொன்னா."

"சர்க்கரை இல்லாம குடிங்க, வேண்டாங்கல. மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது." டாக்டரம்மா பேனாவை மூடினார். "இது சிறுநீரகத்துக்கு ஏறிச்சுன்னா, நீங்க மேலே ஏறலாம்னு நான் சான்று தர மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

சான்று இல்லாவிட்டால் கூண்டு இல்லை. கூண்டு இல்லாவிட்டால் அவளுக்கு அந்த அடுப்படிதான்.

"இறங்கணும்னு சொல்லிடும்மா. இதுல என்ன வெட்கம்?" என்றாள் மகள் போனில்.

"உனக்கென்ன, ஒருத்தர் காதுல சொன்னாப் போதும். நான் வாக்கிடாக்கியில சொன்னா அத்தனை ஆம்பளைங்களுக்கும் ஒரே நேரத்துல கேக்கும்."

மறுநாள் பாட்டிலோடு ஏறினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். வெயில் ஏறுவதற்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கியது. அதை அலுங்காமல் இறக்கி வைத்த பிறகே வாக்கிடாக்கியை எடுத்தாள். கீழே நின்று சைகை காட்டும் கொடிக்காரர்தான் எப்போதும் பதில் சொல்வார்.

"கொடிக்காரரே, நான் இறங்கணும்."

"என்ன மேலக்கா, மிஷின்ல கோளாறா?"

"மிஷின் நல்லா இருக்கு. ஒன்னுக்குப் போகணும். டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. இனிமே தினமும் இறங்குவேன்."

வாக்கிடாக்கியில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"இதுக்கா குரல் அப்படி நடுங்குச்சு? கம்பிவடம் அறுந்துபோச்சோன்னு எனக்கு உசுரே போயிடுச்சு. பார்த்து வாங்க" என்றார் கொடிக்காரர்.

கொக்கியை வெறுமையாக மேலே ஏற்றி, கிரேன் காற்றோடு திரும்பும்படி விட்டுவிட்டு இறங்கினாள்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு கொத்தனார் மறித்தார். "யாரும்மா நீங்க? ஆபீஸ் அந்தப் பக்கம்."

அவர் ஹெல்மெட்டின் உச்சியில் வெள்ளைப் பெயிண்ட் சிந்தியிருந்தது. அந்த உச்சியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குச் செங்கல் இறக்கிக் கொடுப்பதே அவள்தான். முகத்தை இன்றுதான் பார்த்தாள்.

"நான்தான் கிரேன்ல இருக்கற மேலக்கா."

"அப்படியா? நீங்க நல்ல உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

அதன் பிறகு அவள் இறங்கும் நேரத்துக்கே கொடிக்காரர் டீ இடைவேளையை மாற்றிவிட்டார். காத்திருந்தவர்கள் இல்லை; அண்ணாந்து பார்த்தவர்களும் இல்லை. அவளும் பாட்டிலோடு கூட்டத்தின் ஓரத்தில் நிற்பாள். அவர்கள் வாடகை பற்றியும் மச்சான் சண்டை பற்றியும் பேசுவார்கள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. யாராவது குனிந்தால் மட்டும், ஹெல்மெட் உச்சியை வைத்து இன்னார் என்று அடையாளம் தெரியும்.

மாத்திரை முடிந்தது. எரிச்சல் நின்றது, திரும்பவில்லை. டாக்டரம்மா சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் ஜக்கை எடுத்தாள். தாகமே இல்லை. முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் செய்ய இந்த ஒரு வேலையாவது இருந்தது. ஜக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்கைப் போடலாமா, இன்னும் கொஞ்சம் இருட்டட்டுமா என்று நின்றாள்.