பயப்படாத

என் தம்பி குகனேஸ்வரனைப் போல ஒரு பிடிவாதக்காரனைக் கேமரன் மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தேயிலை எஸ்டேட் லைனில் பிறந்தவன். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். மலைக்குக் கீழே ஆற்றில் ராஃப்டிங் கம்பெனி வந்ததும் லோரியை விட்டுவிட்டுப் படகுக்குப் போனான். காற்றடைத்த ரப்பர் படகில் வெள்ளைக்காரர்களை உட்காரவைத்து, பாறைகளுக்கு நடுவே பாயும் தண்ணீரில் இறக்கிக் கொண்டுபோகும் வேலை. அவர்களுக்கு அது கோடை விடுமுறையாம். நமக்கு ஏது கோடை, மழை பெய்யாத நாள்தான் கோடை. ஆற்றோரக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுவது நான்.

அவன் பெண்டாட்டி தனுஜா மலைக்குக் கீழே பள்ளத்தாக்கிலுள்ள லெம்பா பெர்த்தாம் ஊர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குள் சேறும் வெள்ளமும் புகுந்து, கூரைமேல் ஏறித் தப்பித்தவள். அன்றிலிருந்து தண்ணீர் என்றாலே நடுக்கம். புருஷன் ஆற்றில் வேலை பார்க்கிறான், இவள் ஒரு நாள்கூட அதில் கால் நனைத்ததில்லை. "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று கையைப் பிடித்து இழுப்பான். அவள் உதறிக்கொண்டு ஓடுவாள்.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் எஸ்டேட் வழக்கப்படி சாம்பலை அந்த ஆற்றில்தான் கரைத்தோம், பெரிய பாறைக்குப் பின்னால். பானையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார் பூசாரி. சொன்ன பேச்சைக் கேட்டால் அவன் என் தம்பியா? திரும்பிப் பார்த்துவிட்டான். பானை ஆற்றோடு போகாமல் அங்கேயிருந்த சுழியில் சுற்றிச் சுற்றி வந்ததாம்.

"தண்ணியக் கண்டா நடுங்குறவள நானே கொண்டுபோய்த் தள்ளிட்டேன்க்கா," என்றான். "அவ அங்கயேதான் நிக்கிறா. பயத்துல நகர முடியல அவளால."

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அந்தச் சுழிக்கு வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டு, "பயப்படாத" என்பான். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குத்தான் தைரியம் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பியரைத் தூக்கிப் பிடித்து "பயபடாதா, பயபடாதா" என்று கத்துவார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்குக் கரண்டியால் மண்டையிலேயே போடலாம் போலிருக்கும். அவன் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவான்.

கோப்பெங் பக்கம் வேறு ஆற்றுக்கு அவனைத் தலைமைப் படகுக்காரனாகக் கூப்பிட்டார் பாஸ். போகமாட்டேன் என்றான். இதற்கிடையில் இன்னொரு படகு ஓட்டும் காளியண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மோகனாக்கா, ஒங்க தம்பி சுழிகிட்ட வந்தா லைஃப் ஜாக்கெட் கொக்கியக் கழட்டுறான். நேத்து நானே பாத்தேன்."

அவனைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அவனை எப்படியாவது அந்த ஆற்றைவிட்டுக் கிளப்பியாக வேண்டும். அழுதும் திட்டியும் பார்த்தாயிற்று. அக்கா சொன்னால் கேட்கமாட்டான், பெண்டாட்டி சொன்னால் கேட்பான். மறுநாள் நானும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறினேன்.

"ஒனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"எனக்கும் விடுமுறைதான் லா. நீ ஓட்டுடா."

நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவன் கடைசியில். என் முகம் அவனுக்குத் தெரியாது. படகு தூக்கித் தூக்கிப் போட்டதில் என் குடலெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. பெரிய பாறையைத் தாண்டியதும் படகு மெல்லச் சுற்றத் தொடங்கியது. பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "பயப்படாத."

தனுஜாவுடையது மெல்லிய குரல். அதே போலத் தொண்டையை ஒடுக்கிக்கொண்டு சொன்னேன்: "எனக்குப் பயமில்லங்க. நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் என் கையில் மயிர் கூச்செறிந்தது. படகு இன்னும் ஒரு சுற்று சுற்றியது. அப்புறம் துடுப்பு தண்ணீரில் விழுந்தது. நாங்கள் வெளியே வந்தோம்.

கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவள் போனபிறகு நான் பார்த்தே இராத சிரிப்பு. வந்த வேலை முடிந்தது, அடுத்த வாரமே கோப்பெங் போய்விடுவான் என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

"அக்கா, அவ பேசினா."

"என்னடா சொன்னா?"

"'பயமாத்தான் இருக்கு, நீங்க வாங்க'ன்னா."

ஆற்று இரைச்சலில் தப்பாகக் கேட்டுவிட்டானே பாவி என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "டேய், அது நான்டா. நான்தான் அவ மாதிரி பேசினேன். போங்கன்னுதான்டா சொன்னேன்."

அவன் என் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"ஒங்குரல் எனக்குத் தெரியாதாக்கா? நீ சொன்னதும் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் அவ சொன்னா."

அடுத்த படகுக்கு ஆள் ஏறியாயிற்று என்று காளியண்ணன் கூப்பிட்டான். தம்பி எழுந்தான். நான் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.