நடுப் பாக்ஸ்

ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்று என் மனைவி கேட்டதற்கு ஒரே ஒரு காரணம்தான். எதிர் வீட்டில் டிவிக்கு அடியில் நீளமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. "அந்த நடுப் பாக்ஸுல பேச்சு மட்டும் தனியா வருது. நம்ம வீட்டுல யாரு என்ன பேசுதாங்கன்னே எனக்கு வெளங்க மாட்டேங்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சங்கரன்கோவிலில் ஹார்ட்வேர் கடை நடத்தினாலும், என் காது கச்சேரிக்காரன் காது என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. "எதிர் வீட்டுக்காரன் வாங்குனா நாமளும் வாங்கணுமோ? அஞ்சு மூலையில அஞ்சு பாக்ஸ வச்சு, வீட்டுக்குள்ள என்ன மைக்செட்டு கட்டிக் கோயில் கொடையா நடத்தப் போறோம்? ஸ்டீரியோன்னா நம்ம ஊரு சாமி மாதிரிட்டீ. பாதி சிவன், பாதி பெருமாள். இடம் தனி, வலம் தனி. ரெண்டு பாக்ஸு போதும்."

"சரி, ஒங்க இஷ்டம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு பாக்ஸ் வந்தது. டிவியையும் அதிலேயே இணைத்தேன். இரண்டுக்கும் சரிநடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதை யாரும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியங்குடியிலிருந்து நண்பர் வந்தார். எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். அவரிடம் பெருமை அடித்தது போதாதென்று மனைவியையும் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டேன்.

"தபேலா எந்தப் பக்கம் கேக்கு?"

வலப்பக்கம் கையைக் காட்டினாள். தபேலா இடப்பக்கம்.

"வயலினு?"

அதற்கும் வலப்பக்கம்தான்.

விழுந்து விழுந்து சிரித்தேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! இவளுக்குத்தான் அஞ்சு பாக்ஸு வேணுமாம்!" அவளும் சிரிக்கத்தான் செய்தாள். நண்பர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, மதினிக்கு இடது காது கேக்குமா?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

எங்கே போனாலும் அவள் என் இடப்பக்கமாகத்தான் வருவாள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நெருக்கித் தள்ளினாலும் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் நின்றுகொள்வாள். புருஷனுக்கு இடப்பக்கம்தானே பெண்டாட்டி நிற்க வேண்டும், என்ன ஒரு மரியாதை என்று உள்ளுக்குள் பூரித்துப்போயிருக்கிறேன். மரியாதையாவது மண்ணாவது! நான் பேசுவதைக் கேட்கும் வலது காதை என் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் அவள் அத்தனை பாடும் பட்டிருக்கிறாள். அதற்குத்தான் கழுதை என்றேன்.

நண்பர் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"எட்டு வருசமிருக்கும். அன்னைக்குக் காதுல சீழ் வச்சுதுல்லா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" அப்போதும் அதட்டத்தான் வாய் வந்தது.

"சொன்னேன். நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திய. பொறுன்னு கையக் காட்டுனிய."